பரண் மேல ஐம்பது கோடி... ஒரிஜினலா, டூப்பா?

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கோங்க. (மூடிட்டா எப்படிப் படிக்கிறதுன்னு குதர்க்கமா கேட்கக் கூடாது!) நீங்க இப்போ அமெரிக்காவுல, ஓஹியோ மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கீங்க. தாத்தா காலமாகி ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டை விற்கப் போறாங்க. பரணைக் காலி பண்ணச் சொல்லி உங்களை ஏத்தி விட்டுட்டாங்க. தூசி, ஒட்டடை, கால் உடைஞ்ச நாற்காலி... நடுவுல ஒரு தகர டப்பா. திறந்தா, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசா ஒரு அட்டை. ஆரஞ்சு கலர் பின்னணி. நடு வகிடு எடுத்த ஒரு ஆள், பனியன் மாதிரி சட்டை. கீழே பழுப்பு எழுத்துல 'வேக்னர், பிட்ஸ்பர்க்'.

குப்பைக்கூடையில போடறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. 2022 ஆகஸ்ட்ல இதே மாதிரி ஒரு அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்னிக்கு ரேட்டுக்கு நம்ம காசுல 57 கோடி ரூபாய்க்கும் மேல! அதுவும் நல்ல நிலைமையில இருந்த அட்டைகூடக் கிடையாது. தரத்துக்கு அது வாங்கின மார்க், பத்துக்கு ரெண்டு. நம்ம அரியர் பேப்பர் மாதிரி!

இப்போ கை நடுங்குதா? நடுங்கணும். ஆனா அது சந்தோஷத்துல இல்ல, பயத்துல நடுங்கணும். ஏன்னா, 'பரண்ல கிடைச்சது'ன்னு வர்ற வேக்னர் கார்டுகள்ல கிட்டத்தட்ட எல்லாமே டூப்பு. உங்க கையில இருக்கறது அந்தக் கிட்டத்தட்ட எல்லாத்துல ஒண்ணா, இல்ல மிச்சத்துல ஒண்ணா? அதைக் கண்டுபிடிக்கறது ஒரு தனிக் கலை. எங்க காலேஜ் மெட்ராலஜி லேப்ல ரெண்டு வருஷம் ஸ்க்ரூ கேஜ் திருகினது வீண் போகலைன்னு எனக்கு முதல் தடவையா தோணினது இந்த மேட்டரைப் படிச்சப்பதான்.

யார் சார் இந்த வேக்னர்?

ஹோனஸ் வேக்னர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோட பேஸ்பால் ஹீரோ. 1936-ல பேஸ்பாலுக்குன்னு 'ஹால் ஆஃப் ஃபேம்' ஆரம்பிச்சப்போ முதல் தடவையே தேர்வான அஞ்சு பேர்ல ஒருத்தர். அந்தக் காலத்துல சிகரெட் பாக்கெட் நசுங்காம இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைப்பாங்க. அந்த அட்டை சும்மா ஏன் இருக்கணும், ஆட்டக்காரர் படத்தைப் போட்டா அதுக்காகவே சிகரெட் வாங்குவானேன்னு யோசிச்சது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. 1909-லேருந்து 1911 வரைக்கும் ஐந்நூத்துச் சொச்சம் படங்கள் வந்தன. பிற்பாடு ஜெஃபர்சன் பர்டிக்ங்கற ஒரு சேகரிப்பாளர் அமெரிக்க அட்டைகளுக்கெல்லாம் நம்பர் போட்டு கேட்லாக் தயாரிச்சார். அதுல இந்த வரிசைக்குக் கிடைச்ச பேர், 'டி-206'.

மத்தவங்க படமெல்லாம் ஏகப்பட்டது அச்சாச்சு. வேக்னர் படம் மட்டும் பாதியிலேயே நின்னுபோச்சு. அவரே நிறுத்தச் சொல்லிட்டார். தன் படத்துக்காகச் சின்னப் பசங்க புகையிலை வாங்கக் கூடாதுன்னு நினைச்சார்னு ஒரு கட்சி. காசு சரியா கொடுக்கலைங்கற கோபம்னு இன்னொரு கட்சி. எது எப்படியோ, இன்னிக்கு உலகத்துல இருக்கறதா தெரியற அட்டைகள் அறுபதுக்குள்ளதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல பர்டிக் கொடுத்த தொகுப்புல ஒண்ணு, நியூயார்க் பொது நூலகத்துல ஒண்ணு, மிச்சமெல்லாம் பணக்காரங்க லாக்கர்ல.

சரி, உங்க கையில இருக்கறதுக்கு வருவோம்.

முதல்ல கண்ணுல படறது ஸ்பெல்லிங். பிட்ஸ்பர்க்னு எழுதும்போது கடைசியில ஒரு 'ஹெச்' வரணுமே, கார்டுல அது இல்லையே! 'ஐயோ, ஸ்பெல்லிங் மிஸ்டேக், போலி'ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. 1891-லேருந்து 1911 வரைக்கும் அந்த ஊர்ப் பேரை அரசாங்கமே 'ஹெச்' இல்லாமத்தான் எழுதிச்சு. ஊர்க்காரங்க விடாம கேட்டுக் கேட்டு 1911-லதான் அந்த எழுத்தைத் திருப்பி வாங்கினாங்க. ஸோ, அந்த எழுத்து இல்லாதது குறை இல்ல. அந்தக் காலத்துக்குச் சரியான விஷயம்.

அடுத்து பின்பக்கம். இந்த வரிசை அட்டைகளோட முதுகுல சிகரெட் விளம்பரம் இருக்கும். மொத்தம் 16 பிராண்டு. ('ஹிந்து'ன்னுகூட ஒரு சிகரெட் இருந்திருக்கு!) ஆனா வேக்னர் கார்டுக்குப் பின்னாடி ரெண்டே ரெண்டு பிராண்டுதான் இதுவரைக்கும் பார்த்திருக்காங்க. ஸ்வீட் கேப்போரல், பீட்மான்ட். ரெண்டுலயும் '150 சப்ஜெக்ட்ஸ்'னு போட்டிருக்கும். ஏன்னா 150 படங்களோட வந்த முதல் ரவுண்டுலயே வேக்னர் நின்னுட்டார். உங்க அட்டையைத் திருப்பிப் பார்த்து வேற ஏதாவது பிராண்டு இருந்தா கதை அங்கேயே முடிஞ்சது. கீழே இறங்கி வந்து காபி குடிக்கலாம்.

ஸ்வீட் கேப்போரல்தான் இருக்குன்னு வெச்சுக்குவோம். இப்பத்தான் லென்ஸ் வேணும்.

புள்ளி சொல்லும் உண்மை

பத்து மடங்கு பெரிசா காட்டற லென்ஸ் ஒண்ணு எடுத்து இந்தப் பத்திரிகையில இருக்கற கலர் படம் எது மேலயாவது வெச்சுப் பாருங்க. நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்புன்னு நாலு கலர் புள்ளிகள் பட்டாளத்துல நிற்கற மாதிரி ஒழுங்கா வரிசைகட்டி நிற்கும். தள்ளி நின்னு பார்க்கும்போது நம்ம கண்ணு அதை முகமாவும் வானமாவும் சேர்த்துக்குது. இன்னிக்கு ஆஃப்செட் அச்சோட அடிப்படை இதுதான்.

1909-ல வேற டெக்னிக். லித்தோகிராஃப். ஒவ்வொரு கலருக்கும் தனித் தனி அச்சு. ஓவியர்கள் கையாலயே புள்ளி வெச்சு நிழலையும் வெளிச்சத்தையும் கொண்டுவருவாங்க. அதனால லென்ஸ்ல பார்த்தா புள்ளிகள் ஒழுங்கே இல்லாம, கோலம் போடத் தெரியாதவங்க வெச்ச புள்ளி மாதிரி சிதறி இருக்கும். முக்கியமா பேர் எழுத்தும் படத்தைச் சுத்தி இருக்கற மெல்லிய கோடும் புள்ளியே இல்லாம முழு மையில, ஒரே இழுப்பா இருக்கும். பழைய அட்டையை போட்டோ எடுத்து நவீன மெஷின்ல அடிச்சிருந்தா அந்த எழுத்துகூடப் புள்ளி புள்ளியா உடைஞ்சு தெரியும். போலி கார்டுகள்ல பெரும்பாலானவை காலி ஆகறது இந்த இடத்துலதான். பத்து விநாடி வேலை.

நம்ம ஊர் ரவிவர்மா படங்களும் இதே லித்தோ ஜாதிதான். 1894-ல பம்பாய்ப் பக்கம் அவர் ஆரம்பிச்ச அச்சகத்துல இப்படித்தான் லட்சுமியும் சரஸ்வதியும் அச்சாகி வீடு வீடா போனாங்க. எங்க பாட்டி வீட்டு பூஜை ரூம்ல ஒரு லட்சுமி படம் இருக்கு. 'நூறு வருஷப் படம்டா, ஒரிஜினல் ரவிவர்மா பிரஸ்' அப்படின்னு பாட்டி சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான். இந்தக் கட்டுரைக்காக லேப்லேருந்து லென்ஸ் வாங்கிட்டுப் போன சனிக்கிழமை, பாட்டி சமையல்கட்டுல இருந்த நேரமாப் பார்த்துக் கண்ணாடியைக் கழட்டி லென்ஸை வெச்சேன். லட்சுமி கையில இருந்த தாமரை... நாலு கலர்ல, வரிசை வரிசையா புள்ளி!

திருப்பி மாட்டிட்டேன். 'என்னடா பண்றே'ன்னு கேட்டாங்க. 'தூசி தட்டினேன் பாட்டி'ன்னுட்டேன். வேற என்ன சொல்றது? இத்தனைக்கும் எனக்குப் பத்து பைசா நஷ்டம் இல்ல. ஆனாலும் லென்ஸை நகர்த்தி நகர்த்தி, எங்கேயாவது ஒரு மூலையில கைப்புள்ளி தெரியாதான்னு பத்து நிமிஷம் தேடினேன். ஒரு படத்துக்கே நான் இப்படின்னா, ஐம்பது கோடி எதிர்ல இருக்கும்போது மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சுப் பாருங்க.

விளக்கு சொல்வது பாதிதான்!

பேங்க்ல கள்ள நோட்டு பார்க்க ஒரு ஊதா விளக்கு வெச்சிருப்பாங்களே, அந்தப் புறஊதா விளக்கு இங்கேயும் உதவும். 1940-கள் கடைசிக்கு அப்புறம்தான் காகிதத்தை வெள்ளை வெளேர்னு காட்டறதுக்கு ஒரு ரசாயனம் சேர்க்க ஆரம்பிச்சாங்க. அது இருந்தா இருட்டுல, புறஊதா ஒளியில, அட்டை நீலமா ஜொலிக்கும். 1909 அட்டை ஜொலிக்கக் கூடாது. ஜொலிச்சா போலி. மேல்முறையீடே கிடையாது.

ஆனா ஜொலிக்கலைன்னா ஒரிஜினலா? அதுதான் இல்ல! அந்த ரசாயனம் இல்லாத காகிதம் இன்னிக்கும் கிடைக்குது. அதைவிட மோசம், பழைய புத்தகத்துல எழுதாம விட்ட வெத்துத் தாள் கிடைச்சா அதுல புதுசா அச்சடிக்கற ஆளுங்க இருக்காங்க. காகிதத்துக்கு வயசு நூறு, மைக்கு வயசு நாலு மாசம்! ஸோ, இந்த டெஸ்ட்ல ஃபெயில்னா ஃபெயில். பாஸ்னா ஒண்ணும் தெரியலைன்னுதான் அர்த்தம். இந்த வித்தியாசம் புரியாமப் பணத்தைத் தொலைச்சவங்க நிறைய.

இதுக்கு ஜாம்பவான்கள் செய்யற வழி ரொம்ப சிம்பிள். அதே வரிசையில பேரில்லாத ஆட்டக்காரர் படம் ஒண்ணு, சந்தேகமே இல்லாத ஒரிஜினல், கொஞ்சம் டாலருக்குக் கிடைக்கும். அதைப் பக்கத்துல வெச்சு ரெண்டையும் ஒப்பிடுவாங்க. தடிமன் ஒண்ணா? வெளிச்சத்துல பிடிச்சா ரெண்டுலயும் ஒரே அளவு வெளிச்சம் ஊடுருவுதா? பழுப்பு ஒரே மாதிரியா? நிஜமான அழுக்கு நாருக்குள்ள இறங்கியிருக்கும். மூலை மழுங்கும்போது அட்டை அடுக்கடுக்கா பிரியும். மடிப்பு விழுந்த இடத்துல மை விரிசல் விட்டிருக்கும். டீத்தண்ணியில முக்கி எடுத்த அட்டையோ நாலு பக்கமும் ஒரே சீரா, மேக்கப் போட்ட மாதிரி பழுப்பா இருக்கும். நாலு மூலையும் தேய்ஞ்சிருக்கும், நடுவுல முகம் மட்டும் பளபளன்னு இருக்கும்.

கில்லாடிகள் இன்னும் ஒரு படி மேல போவாங்க. முழு கார்டையே போலி பண்ணாம, நிஜமான அட்டையில ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாத்துவாங்க. இதே வரிசையில ஷெர்ரி மாகீங்கற ஆட்டக்காரர் பேரை முதல்ல தப்பா அச்சடிச்சு, சீக்கிரமே திருத்திட்டாங்க. தப்பா வந்ததுக்குத்தான் இன்னிக்குக் கிராக்கி. விளைவு, சரியா அச்சான அட்டையில 'ஈ'யைச் சுரண்டி 'ஐ' ஆக்கற வைத்தியம்! காகிதம், மை, படம் எல்லாமே 1909. பொய் ஒரு எழுத்துல மட்டும். லென்ஸ்ல சுரண்டின நார் தெரிஞ்சாத்தான் மாட்டுவாங்க.

பரண் கதை நிஜமாகும்போது...

அப்போ பரண்ல எதுவுமே கிடைக்காதான்னு சோர்ந்துடாதீங்க. 2012 பிப்ரவரி, ஓஹியோவுல டிஃபையன்ஸ்ங்கற ஊர். ஒரு குடும்பம் தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணிட்டிருந்தது. பொம்மை வீடு ஒண்ணுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே, நூல்ல கட்டின கட்டுக் கட்டா சுமார் 700 பேஸ்பால் கார்டு! கறிக்கடை வெச்சிருந்த அந்தத் தாத்தா நூறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்து வெச்சது. 1910-ஐ ஒட்டி வந்த 'ஈ-98'ங்கற வேற வரிசை அது. அதுலயும் டை காப், சை யங், நம்ம வேக்னர்னு எல்லாரும் இருந்தாங்க.

டல்லாஸ்ல இருக்கற ஹெரிட்டேஜ் ஏலக் கம்பெனிக்கு முதல்ல சில கார்டுகளை மட்டும் அனுப்பினாங்க. இவ்வளவு புதுசா ஈ-98 அட்டையை யாருமே பார்த்ததில்லை. புதுசா இருக்குன்னாலே சந்தேகம் வரணும் இல்லையா? ஆனா மறுபக்கம் யோசிங்க. போலி பண்றவன் வேக்னர் ஒண்ணு, காப் ஒண்ணு பண்ணுவான். யாருக்கும் வேண்டாத ஆட்டக்காரர் உள்பட முப்பது பேரையும் திரும்பத் திரும்ப, எழுநூறு அட்டை எவன் பண்ணுவான்? பெட்டியோட கதையும் வீட்டோட கதையும் பொருந்தின. அச்சும் காகிதமும் பொருந்தின. பி.எஸ்.ஏ. நிறுவனம் ஒவ்வொண்ணா பார்த்து நிஜம்னு முத்திரை குத்தியது. அந்த ஆகஸ்ட்லயே 37 கார்டு மட்டும் 5,66,132 டாலருக்கு ஏலம் போச்சு.

கதை மட்டும் இருந்து கார்டு தப்பா இருந்தா அது போலி. கார்டு சரியா இருந்து கதை இல்லைன்னா பரவாயில்ல, விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இந்த ஆர்டரைத் தலைகீழா போட்டு, கதையை முதல்ல நம்பிட்டு அப்புறம் கார்டைப் பார்க்கறவங்கதான் ஏமாறறாங்க. 'தாத்தா பொய் சொல்ல மாட்டாரே' என்பது உண்மையாவே இருக்கலாம். தாத்தாவை யாராவது ஏமாத்தியிருக்கலாம்ல?

நிஜ கார்டு, பொய் மார்க்

இப்போ இந்தக் கட்டுரையை எழுதவே தூண்டின மேட்டருக்கு வர்றேன். உலகத்துலயே ரொம்பப் பேர் பெற்ற வேக்னர் கார்டு ஒண்ணு இருக்கு. 1985-ல பில் மாஸ்ட்ரோங்கற வியாபாரி நியூயார்க் லாங் ஐலண்ட்ல 25,000 டாலருக்கு வாங்கினார். ரெண்டே வருஷத்துல 1,10,000-க்கு வித்தார். 1991-ல ஐஸ் ஹாக்கி சூப்பர் ஸ்டார் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவரோட கூட்டாளியும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்துல எடுத்தாங்க. அதே வருஷம் புதுசா ஆரம்பிச்ச பி.எஸ்.ஏ. அதுக்குப் பத்துக்கு எட்டு மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறையில வெச்சு சீல் பண்ணியது. மத்த வேக்னர்கள் எல்லாம் ரெண்டு மூணு மார்க்குக்கே திண்டாடும்போது இது மட்டும் எட்டு! 2007-ல அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியோட உரிமையாளர் கென் கெண்ட்ரிக் 28 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்.

இவ்வளவு வருஷமும் ஒரு முணுமுணுப்பு மட்டும் நிற்கவே இல்ல. 'எண்பது வருஷ அட்டைக்கு ஓரம் எப்படி இவ்வளவு கூர்மையா இருக்கும்?' 2013 அக்டோபர்ல சிகாகோ கோர்ட்ல, போலி ஏலக் கேட்பு உள்ளிட்ட மோசடி வழக்குல குற்றத்தை ஒப்புக்கிட்ட மாஸ்ட்ரோ, இதையும் சேர்த்து ஒப்புக்கிட்டார். விற்கறதுக்கு முன்னாடி அந்த கார்டோட பக்கவாட்டு ஓரங்களைப் பேப்பர் கட்டர்ல சீவியிருக்கார்! 2015-ல 20 மாசம் ஜெயில்.

எஞ்சினியரிங் பசங்களுக்கு இங்கே ஒரு விஷயம். இந்த அட்டையோட சரியான அளவு சுமார் 36.5 மில்லிமீட்டருக்கு 66.7 மில்லிமீட்டர். அளந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமேன்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். தெரியாது! அந்தக் காலத்துல பெரிய ஷீட்டா அச்சடிச்சு வெட்டும்போது ஒண்ணு பெரிசா இருக்கும், ஒண்ணு சின்னதா இருக்கும். பெரிசா வந்த அட்டையைச் சீவினா சரியான சைஸுக்கு வந்து நிற்கும். வெர்னியர் 'ஓகே' சொல்லிடும். பார்க்க வேண்டியது அளவை இல்ல, வெட்டின முகத்தை. பழைய வெட்டு லேசா மழுங்கி, அழுக்கேறி, அட்டையோட முகத்துக்கு இருக்கற வயசு ஓரத்துக்கும் இருக்கும். புது வெட்டு பளிச்னு இருக்கும். சீவின கார்டுக்கு மார்க்கே போடக் கூடாதுங்கறது பி.எஸ்.ஏ.வோட விதி. அந்த விதியை எழுதின கம்பெனி சான்று கொடுத்த முதல் கார்டே இதுதான்!

ஸோ, அந்த கார்டு ஒரிஜினலா, போலியா? காகிதம் ஒரிஜினல். அச்சு ஒரிஜினல். வேக்னரும் ஒரிஜினல். அந்த எட்டு மார்க் மட்டும் பொய். ஆனா ஒவ்வொருத்தரும் லட்சக்கணக்குல கொட்டிக் கொடுத்தது அந்த எட்டுக்குத்தானே? என்னைக் கேட்டா, டீயில முக்கின பத்து டாலர் டூப்பை விட இதுதான் பெரிய போலி. பார்த்தவங்களுக்குத் தெரியாம இல்ல. ஓரம் சந்தேகமா இருக்குன்னு முணுமுணுத்தவங்க இருந்துகிட்டேதான் இருந்தாங்க. உலகத்துலயே அழகான வேக்னர் ஒண்ணு இருக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. பூஜை ரூம்ல லென்ஸை நகர்த்தி நகர்த்திப் பார்த்த என் ஆசை மாதிரியே!

அதுக்கப்புறமாவது திருந்தினாங்களா? 2019-ல சில சேகரிப்பாளர்கள் பழைய ஏலப் படங்களையும் புது ஏலப் படங்களையும் ஜோடி ஜோடியா வெச்சுப் பார்த்தாங்க. அட்டையில விழுந்திருக்கற சின்னச் சின்ன அச்சுப் பிசிறு நம்ம கைரேகை மாதிரி, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதை வெச்சுப் பார்த்தா, முன்னே கறையோடவும் மழுங்கின ஓரத்தோடவும் விற்ற அதே அட்டை, பின்னால சுத்தமான ஓரத்தோட, அதிக மார்க்கோட, சீல் வெச்ச உறைக்குள்ள! ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல பிடிச்சாங்க.

சரி பாஸ், நீங்க இன்னும் பரண் மேலதான் நிற்கறீங்க. கையில அட்டை. துடைக்காதீங்க. ஈரத்துணி வேண்டவே வேண்டாம். சுருண்டிருந்தா இஸ்திரிப் பெட்டியைத் தேடாதீங்க, ஓரம் பிசிறா இருந்தா கத்தரியைத் தேடாதீங்க. அட்டை கிடைச்ச டப்பா, கூட இருந்த பழைய ரசீது, கடுதாசி எதையும் தூக்கிப் போடாதீங்க. இருந்த இடத்துல இருந்தபடியே முதல்ல ஒரு போட்டோ. அப்புறம் அட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில வெச்சு, வாங்கறேன்னு வர்றவர்கிட்ட இல்ல, வாங்காம மதிப்பிட மட்டும் செய்யறவர்கிட்ட காட்டுங்க.

டப்பாவை மட்டுமில்ல, கீழே கிடக்கற குப்பையையும் ஒரு தடவை பார்த்துடுங்க. 2016-ல அமெரிக்காவோட தென்பகுதியில ஒரு குடும்பம் கொள்ளுத்தாத்தா வீட்டைக் காலி பண்ணும்போது, தரையில கிடந்த ஒரு கசங்கின பேப்பர் பையைத் தூக்கி எறியப் போனாங்க. உள்ளே ஏழு டை காப் கார்டு. முன்பக்கமும் அவர் படம், பின்பக்கமும் அவர் பேர்லயே வந்த புகையிலை விளம்பரம். அதுவரைக்கும் அந்த வகையில உலகத்துக்கே தெரிஞ்சிருந்தது சுமார் 15 அட்டைதான். பி.எஸ்.ஏ. ஏழையும் நிஜம்னு சொன்னது. அப்புறம் அதே குடும்பத்துக்கு எட்டாவதும் கிடைச்சது!